அமலதாஸின் நடை

இறந்துபோன புருஷன் ஏற்றத்தில் நடந்து வருவதைப் பார்த்தபோது பிலோமினா ஒரு பாறையில் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

முகம் தெரியவில்லை. மழைக்கோட்டின் தொப்பி நெற்றியை மூடியிருந்தது. முதுகில் பெரிய பை, சுற்றிலும் பனிமூட்டம். தெரிந்ததெல்லாம் கால்கள்தான். இடது பாதத்தைச் சற்றே வெளிப்பக்கமாக வீசி, கல்லின் மேல் வைத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் உடம்பை அதன்மேல் ஏற்றுகிற நடை. வலது கால் அப்படியில்லை. அது பாட்டுக்கு நம்பிப் போய் நிற்கும். கம்பம் தேர்க்கூட்டத்துக்கு நடுவே போனாலும் பின்னாலிருந்தே அவள் கண்டுபிடித்துவிடுகிற நடை.

பிரஷ் அந்தரத்தில் நின்றது. "ஏங்க" என்று வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது.

ஏறி வந்தவன் நிமிர்ந்தான். முப்பது வயதுகூட இருக்காது. ஒட்டிய கன்னம், குட்டைத் தாடி, மேல்மூச்சு கீழ்மூச்சு.

"என்னையா கூப்பிட்டீங்க அக்கா?"

"இல்லப்பா. வழி... வழி இந்தப் பக்கம்."

ஈரம் காயாத மஞ்சள் குறியைப் பார்த்து அவன் சிரித்தான். "அதான் இவ்வளவு பெருசா போட்டிருக்கீங்களே!"

அகத்தியமலை அடிவாரத்தில் தொடங்கி நீலகிரி வரை மலை முகட்டோடு போகிற அந்தப் பாதைக்கு நெடுவழி என்று பெயர். முழுதாக நடக்க ஒரு பருவம் பிடிக்கும். அரசாங்கம் போட்ட பாதையில்லை. மலைப் பைத்தியம் பிடித்த கொஞ்சம் பேர் சேர்ந்து, வனத்துறையிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு பார்த்துக்கொள்கிற பாதை. உண்ணிச்செடி வெட்டுவது, விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவது, அழிந்த குறிகளை மறுபடி வரைவது, யானை நிற்கிற பக்கத்தை அடைத்து ஆட்களை வேறு பக்கம் திருப்பிவிடுவது, நடந்து வருகிறவர்களுக்குக் கஞ்சியும் கடுங்காப்பியும் கொடுப்பது, இவ்வளவும் தொண்டர்கள் வேலை. கூலி கிடையாது. வருசநாட்டு மலைப்பகுதிக்குப் பொன்ராம் வாத்தியார் பொறுப்பு. ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவருக்குக் கீழே பிலோமினாவும் அமலதாஸும் கல்யாணமான மறுவருஷத்திலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கம்பத்தில் அவருக்குக் கிரில் பட்டறை, அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மிச்சமிருந்த நாளெல்லாம் மலைதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலுக்கு அப்புறம் பாதையில் விழுந்த மரத்தை அறுக்கப் போன இடத்தில், மேலே தொங்கிக்கொண்டிருந்த கிளை அமலதாஸின் தலையில் இறங்கியது. அன்றைக்கு மட்டும் பிலோமினா கூடப் போகவில்லை. இனி இந்தம்மா மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பதினாறாம் நாள் முடிந்த வாரமே அவள் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாள்.

ஏறி வந்தவனைத் தொண்டர்கள் கொட்டகைக்குக் கூட்டிவந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவன் பெயர் இர்ஷாத். ஆம்பூர்க்காரன். அட்டைக்கடியைப் பார்க்கக் கால்சட்டையைச் சுருட்டியபோது, முழங்காலுக்கு மேலும் கீழும் தோலோடு ஒட்டிய கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. பிலோமினாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"இது என்னப்பா?"

"கால்பட்டைக்கா. பைக்ல போறப்ப லாரிக்காரன் தட்டிட்டான். முதுகுத்தண்டுல அடி. ரெண்டு வருஷம் படுக்கை. கால் நல்லாத்தான் இருக்கு, நடக்கறது எப்படின்னு அதுக்கு மறந்துபோச்சு. அதுக்கு இந்தப் பட்டைக்குள்ள வேற ஒருத்தர் நடைய வச்சுக் கத்துக்குடுக்கறாங்க."

"வேற ஒருத்தர்னா?"

"யாருன்னு சொல்ல மாட்டாங்க. முதல்ல கம்ப்யூட்டர்ல செஞ்ச நடையத்தான் வச்சாங்க. ஆஸ்பத்திரி தரையில ஜம்முனு நடந்தேன். வாசல்ல ஒரு கல்லு கெடந்துச்சு பாருங்க, விழுந்துட்டேன். அதுக்குத் தடுமாறித் தப்பிச்ச பழக்கமே கெடையாது. மனுஷன் நடைன்னா விழப்போய் விழாம நின்னது எல்லாம் அதுக்குள்ள இருக்கும். அதுலயும் மலையில நடக்கறவங்க நடைதான் ஒசத்தியாம். சேறு, சரிவு, பாறை எல்லாம் பாத்த காலு."

அமலதாஸ் சாவதற்கு முந்தின பருவம் கோயம்புத்தூர் நடை மையத்திலிருந்து ஆட்கள் வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ரத்ததானம் மாதிரி இது நடைதானம் என்றார்கள். இடுப்பில் ஒரு பட்டையும் காலில் மெல்லிய உறையும் மாட்டிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க நடக்க வேண்டும், அவ்வளவுதான். "என் வாத்து நடைய எவன்டி வாங்குவான்?" என்று சிரித்துக்கொண்டேதான் அவர் மாட்டிக்கொண்டார். பிலோமினாவும் கேட்டாள். முழங்கால் தேய்ந்தவர்களுடைய நடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இர்ஷாத் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். தொண்டைவரை வந்தது. அதற்குள் அவன், "முதல் தடவை நான் எழுந்து நடந்தப்ப எங்கம்மா அழுதாங்க. சந்தோஷத்துல அழறாங்கன்னு நெனச்சேன். 'இது எம்புள்ள நடை இல்லையே'ன்னு அழுதிருக்காங்க" என்றான். பிலோமினா எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

அங்கிருந்து தொடங்கும் யானைக்காட்டைத் தாண்டும்வரை பட்டை போட்டவர்களைத் தனியே விடக்கூடாது என்பது நெடுவழியின் விதி. வாக்கிடாக்கியில் பொன்ராமைக் கூப்பிட்டு, நானே கூட்டிப்போகிறேன் என்றாள்.

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா தாயி?"

"அந்தத் தம்பியும் மெதுவாத்தான் வருது, சார்."

மறுநாள் காலை கிளம்பினார்கள். கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டத்து வழியே பாதை கொஞ்ச தூரம் சமமாகப் போகும். அங்கே அவன் நடந்த நடையைப் பார்த்து பிலோமினாவுக்குத் திக்கென்றது. இரண்டு கால்களும் ஒரே மாதிரி நேராக, கொஞ்சம் அவசரமாக விழுந்தன. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற யாரோ ஒரு பையனின் நடை. நேற்று கண்டது பொய்தானா, மூட்டத்தில் மனசு செய்த கூத்தா என்று அவள் குழம்பிக்கொண்டே பின்னால் வந்தாள்.

தோட்டம் முடிந்து சின்ன மேடு வந்தது. இடது பாதம் வெளியே வீசியது. கல்லை அழுத்திப் பார்த்தது. அமலதாஸ் ஏறினார்.

மேடு முடிந்ததும் மறுபடி அந்தப் பையன்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "மேட்டுல ஏறுறப்ப வேற மாதிரி நடக்கிறியே?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா!" அவனுக்கு ஒரே ஆச்சரியம். "இதுக்குத்தான்க்கா நெடுவழிக்கே அனுப்பினாங்க. நடக்க நடக்கப் பட்டை கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கும். நம்ம நரம்பு அந்த எடத்தப் புடிச்சுக்கும். சமதரையில இப்ப முழுசா என்னுது. இறக்கத்துல பாதிப் பாதி. ஏத்தத்துல மட்டும் இன்னும் அவருது."

"அப்புறம்?"

"நீலகிரி போய்ச் சேர்றதுக்குள்ள அதுவும் என்னுதா ஆயிடும். ஆகணும்க்கா. பட்டையக் கழட்டிப் போட்டுட்டு என் சொந்தக் காலால வீட்டுக்குள்ள போகணும். எங்கம்மா பாக்கணும்."

"அவரோட நடை?"

"போயிடும்." சாதாரணமாகச் சொன்னான். "சைக்கிள் கத்துக்குடுக்கறவங்க பின்னாடி புடிச்சிட்டு வந்து நைசா விட்டுடுவாங்கல்ல, அந்த மாதிரி."

அதற்குப் பிறகு பிலோமினாவின் கண் பாதையில் இல்லை. மேடு எப்போது வரும் என்பதே நினைப்பாக இருந்தது. அந்தப் பகுதியின் ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரியும். இனி ஓடைக்கரை, அப்புறம் மூங்கில் பள்ளம், அதன் வழியே சமமாகவே போனால் மாலைக்குள் அடுத்த கொட்டகை. அங்கே பொன்ராம் காத்திருப்பார். அங்கிருந்து இர்ஷாத் வேறு தொண்டரோடு போய்விடுவான். அதற்குள் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்தார்கள். இடப்பக்கம் மூங்கில் பள்ளம். வலப்பக்கம் மொட்டைப்பாறை, செங்குத்தான ஏற்றம். பள்ளத்தில் யானை நின்றால் மட்டும் ஆட்களை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். இர்ஷாத் இடப்பக்கம் திரும்பினான்.

"அந்தப் பக்கம் வேணாம்" என்றாள் பிலோமினா. "யானை நிக்குது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. காட்டில் ஒரு சத்தமும் இல்லை. யானை லத்தியும் இல்லை, ஒடிந்த மூங்கிலும் இல்லை. இர்ஷாத் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நெடுவழியில் தொண்டர் யானை என்றால் யானைதான். அவன் மொட்டைப்பாறையை அண்ணாந்து பார்த்து, பையின் வாரை இறுக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினான்.

பிலோமினா அவன் பின்னால் ஏறினாள். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னவென்று சொல்வது? அவன் பையை மறந்தாள், தலையை மறந்தாள். இரண்டு கால்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான். இடது பாதம் வீசியது, அழுத்தியது, ஏறியது. கல்யாணமான புதிதில் இதே பாறையில் அவர் பின்னால் ஏறும்போது, 'கல்லை என்ன நாடி புடிச்சா பாக்கிறீங்க' என்று கேலி செய்தது நினைவுக்கு வந்தது. மலையில் எங்கே போனாலும் அவர் முன்னே, பெயின்ட் டப்பாவோடு அவள் பின்னே. வாழ்க்கையில் அவள் அதிகம் பார்த்தது அவர் முகத்தையா முதுகையா என்று கேட்டால் முதுகைத்தான். பட்டறைத் தூசியையும் ஆஸ்பத்திரிக் கதைகளையும் மனசுக்குள்ளேயே அந்த முதுகிடம் பேசிக்கொண்டு ஏறினாள். அழுதுகொண்டிருக்கிறோம் என்பது உப்பு உதட்டில் பட்டபோதுதான் தெரிந்தது.

பாதி ஏறியபோது மழை பிடித்தது. பாறை வழுக்கத் தொடங்கியது. அவன் களைத்திருந்தான். இரண்டு மூன்று அடி அமலதாஸாகவும் அடுத்த அடி தானாகவும் கால்கள் மாறி மாறி விழுந்தன. "இருப்பா, கொஞ்சம் நில்லு" என்று அவள் சொல்லவந்த நேரம் இடது பாதம் வெளியே வீச, வலது பாதம் அதற்குக் காத்திருக்காமல் முன்னே போக, இரண்டும் ஒன்றையொன்று தட்டின. அவன் பக்கவாட்டில் விழுந்து, சறுக்கி, ஒரு பாறை விளிம்பில் முழங்கால் மோத நின்றான். அவள் பாய்ந்து பையைப் பிடித்தாள். அதற்குக் கீழே பிடிக்க எதுவுமில்லை.

ஒரு பாறைக் குடைவுக்குள் அவனை இழுத்துக்கொண்டு போய்ச் சாய்த்தாள். முழங்கால் வீங்கிக்கொண்டே வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பழகிய கையால் தொட்டுப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

"பிலோமினா, எங்க இருக்கீங்க? மழை புடிச்சிருச்சே."

அவள் அதை எடுத்தாள், பொத்தானை அழுத்தவில்லை. இர்ஷாத்தே கையை நீட்டி வாங்கினான். "மொட்டைப்பாறையில இருக்கோம் சார். பள்ளத்துல யானைங்கறதால மேல வந்துட்டோம்."

"யானையா? காலையில நானே பள்ளத்து வழியாத்தான வந்தேன். சுத்தமா இருந்துச்சே. யானையெல்லாம் அந்தப் பக்கம் கேரளா எல்லைக்குப் போயிருச்சே தம்பி, யாரு சொன்னா?"

இர்ஷாத் அவளைப் பார்த்தான். வாக்கிடாக்கியைக் கீழே வைத்தான்.

"ஏன்க்கா?"

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அமலதாஸ் யார், எப்படிச் செத்தார், பட்டை மாட்டி நடந்தது, நேற்று பெயின்ட் அடிக்கும்போது கண்டது, ஏற்றத்தில் மட்டும் என்று அவன் சொன்னது, வாய் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நேத்துலேர்ந்து நீங்க என் கால பாத்துட்டே வந்தீங்க. எனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு பாக்கறாங்க, நல்ல அக்கான்னு நெனச்சேன்" என்றான். "அங்க நானே இல்லையா?"

"தப்புதான்ப்பா" என்றாள். "உன் உசுரு போயிருக்கும்."

மழை கொஞ்சம் விட்டது. அவன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான். கோபம் போய்விட்டதா, வலி கோபத்தை மிஞ்சிவிட்டதா தெரியவில்லை. பிறகு அவனாகவே கேட்டான்.

"அவருக்கு நடக்கறப்ப ஏதாச்சும் பிரச்சனை இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

"நடுவுல நடுவுல கால் தானா தாமதிக்கும். சரியா மூணாவது நாலாவது அடியில. நிக்கறதுகூட இல்ல, ஒரு சின்ன தயக்கம். யாரோ சட்டையப் புடிச்சு இழுக்கற மாதிரி. எனக்கு எரிச்சலா வரும். வேகமா போகலாம்னு இருக்கும், கால் விடாது. டாக்டருங்களுக்கும் புரியல. மூச்சு வாங்குதான்னு பாத்தாங்க, இல்லையாம். நல்ல தெம்பான ஆளு எதுக்கு அப்படித் தயங்கணும்?"

பிலோமினா அப்படியொரு தயக்கத்தைப் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் பின்னாலேயே நடந்திருக்கிறாள், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அவர் ரொம்ப மெதுவாக நடக்கிற ஆள் என்றுதான் நினைத்திருந்தாள். தேய்ந்த முழங்காலோடு அவள் எவ்வளவு பின்தங்கினாலும், நிமிர்ந்து பார்த்தால் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் அவர் முதுகு இருக்கும். ஒருநாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை, 'வா பிலோ, சீக்கிரம்' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குக் கொஞ்சம் முன்னால் போய் நிற்கவே தெரியாது என்று பொன்ராமிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்கு அடங்காத அழுகையாக இருந்தது.

"என்னக்கா? என்னாச்சு?"

"ஆளுக்குப் பிரச்சனை ஒண்ணுமில்லப்பா" என்றாள், மூச்சு திரும்பிய பிறகு. "நான் வர்றேனான்னு பாத்திருக்காரு."

இர்ஷாத் தன் கால்களைக் குனிந்து பார்த்தான்.

பட்டையோடு இருந்த போனில் மையத்து டாக்டர் உமையாள் கிடைத்தார். விழுந்த விவரத்தைப் பட்டையே அவருக்கு அனுப்பியிருந்தது. "ரெண்டு நடையும் சண்டை போட ஆரம்பிச்சிருச்சு இர்ஷாத். உங்க நரம்பு எதிர்பார்த்ததைவிட சீக்கிரமா எழுந்திருச்சு. நல்ல செய்திதான். ஆனா இனிமே பழைய நடை ஏத்தத்துல ஆபத்து. நீங்க சரின்னு சொன்னா இங்கிருந்தே அதை நிறுத்திடறேன். கொஞ்ச நாளைக்குக் குழந்தை மாதிரி தடுமாறுவீங்க. மேல கொட்டகை வரைக்கும் போய்ட்டு நிறுத்தணும்னாலும் சரி, ஆனா ரொம்ப கவனம்."

அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"கொட்டகைக்கு இன்னும் ஏத்தம் இருக்காக்கா?"

"இருக்கு."

"அது வரைக்கும் வச்சுக்கறேன். மெதுவா ஏறுவேன். நீங்க பின்னாடி வாங்க. இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சே பாருங்க."

அவள் குடைவுக்கு வெளியே பார்த்தாள். பாறை கழுவிவிட்டதுபோல் பளபளவென்று மேலே போனது. அதில் அவரை ஒருமுறை, இனி எப்போதுமே கிடைக்காத ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம். அவன் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"வேணாம்ப்பா" என்றாள். "நிறுத்தச் சொல்லு."

"அக்கா..."

"நிறுத்தச் சொல்லுப்பா. உங்கம்மா பாக்கணும்ல."

சத்தமோ வெளிச்சமோ ஒன்றும் வரவில்லை. டாக்டர் "ஆச்சு" என்றார், அவ்வளவுதான். இர்ஷாத் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முதல் அடி எங்கோ போய் விழுந்தது. இரண்டாவது அதைவிட மோசம். பிலோமினா அவன் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டாள். இருவரும் தோளோடு தோளாக, நொண்டி நொண்டி, மாலை வெயில் மழைமேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்த நேரத்துக்குக் கொட்டகையை அடைந்தார்கள்.

பொன்ராம் வாசலில் நின்றார். இர்ஷாத்தை உட்காரவைத்துக் காலுக்கு எண்ணெய் போட்டுத் துணி சுற்றிவிட்டு, பிலோமினாவின் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இர்ஷாத் முந்திக்கொண்டான்.

"யானைன்னு சும்மா சொன்னது நான்தான் சார். மேல போகலாம்னு அடம்புடிச்சேன். பாறையிலேர்ந்து வியூ நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேன். அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க."

"இல்ல சார்" என்றாள் பிலோமினா. "யானை நிக்குதுன்னு நான் பொய் சொன்னேன்."

பொன்ராம் காரணம் கேட்டார். அதையும் சொன்னாள். கேட்டு முடித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அமலதாஸை மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த தோள்களில் அவர் தோளும் ஒன்று.

"தாயி, இந்தக் காட்டுல நம்மகிட்ட துப்பாக்கி கெடையாது, வேலி கெடையாது. யானைன்னு நாம சொன்னா வர்றவன் நிப்பான், இல்லைன்னா போவான். அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு. நாளைக்கு எவனாவது 'சும்மா சொல்றாங்க'ன்னு உள்ள போயிட்டா? நீ பொய் சொன்னதை நான் மறைச்சாலும் அதே கதைதான்."

"தெரியும் சார்."

தொண்டர் அடையாளமான மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தாள். அமலதாஸும் அவளும் ஒன்றாக வாங்கிய சட்டை. அவர் அதை வாங்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் வனத்துறை ஜீப்பில் அவள் கீழே இறங்கினாள். இர்ஷாத் கொட்டகை வாசல்வரை வந்தான். "அவரு நல்லா கத்துக்குடுத்தாருக்கா" என்றான். அவள் தலையாட்டினாள்.

நெடுவழி இல்லாத பருவம் எப்படிப் போகும் என்று பிலோமினாவுக்குத் தெரியாமலிருந்தது. போயிற்று. ஆஸ்பத்திரி, வீடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மாடியில் நின்றால் மலை தெரிகிறது என்று துணி காயப்போடுவதைக்கூடப் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். கோடை தொடங்கியபோது இர்ஷாத் நீலகிரியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். புல்வெளி ஏற்றத்தில் பட்டையில்லாத காலோடு ஏறுகிறான். கொஞ்சம் அவசரமான, நேரான, சின்ன வயசுக்காரன் நடை. நல்ல நடைதான். ஒருமுறை பார்த்துவிட்டு, 'சந்தோஷம்ப்பா' என்று பதில் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், எக்ஸ்ரே அறையில் ஆளில்லாத மதிய நேரத்தில், டாக்டர் உமையாள் கூப்பிட்டார்.

"இர்ஷாத் உங்க நம்பர் கொடுத்தார். நடை கொடுத்தவர் யாருன்னு நாங்க வெளியில சொல்றதில்ல. ஆனா உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு, அதனால நேராவே கேக்கறேன். உங்க கணவரோட பதிவு எங்ககிட்ட பத்திரமா இருக்கு. அதை இன்னொருத்தருக்குக் கொடுக்கப் போறோம். ஒன்பது வயசுக் குழந்தை. பெண் குழந்தை."

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிவுல ஒரு சின்னக் கோளாறு இருக்கும்மா. மூணு நாலு அடிக்கு ஒருமுறை ஒரு தாமதம். இர்ஷாத் விழுந்ததை ஆராய்ஞ்சு பாத்தப்ப அதுவும் ஒரு காரணம்னு தெரிஞ்சது. ஏன் வருதுன்னு இர்ஷாத் சொன்னார்." டாக்டர் தயங்கினார். "அதனாலதான் உங்களைக் கேக்காம கைவைக்க மனசு வரல. அந்தத் தாமதத்தை எடுத்துட்டா குழந்தைக்குப் படி ஏறும்போது பயமில்ல."

"எடுத்துட்டா திரும்ப வைக்க முடியுமா?"

"முடியாது."

"எடுத்ததைத் தனியா எனக்குக் கொடுக்க முடியுமா?"

"கொடுக்கலாம்மா. ஆனா அது வெறும் எண்கள். ஒரு கால் இருந்தாத்தான் அதைப் பாக்க முடியும்."

வெளியே யாரோ நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. பிலோமினா எழுந்து ஈயக் கவசத்தை எடுத்து மாட்டத் தொடங்கினாள். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே இருந்தது.

"எடுத்துருங்க டாக்டர்" என்றாள். "அந்தப் புள்ள யாருக்காகவும் நிக்க வேண்டியதில்ல. முன்னால போகட்டும்."